ஒப்புமைக் கேள்விகளும் அவசரமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசு வேலைக்கான தேர்வுகளுக்குத் தயாராகும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் சொல்லித் தரும் ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். அவர்கள் அதிகம் தடுமாறுவது, முதல் இணையின் உறவைக் கண்டு அதே உறவு வருமாறு இரண்டாம் இணையை நிறைவு செய்யும் ஒப்புமைக் கேள்விகளில்தான்.

'தச்சர் : மரம் :: கொல்லர் : ?' என்று கேட்டால், பலர் உடனே 'சுத்தியல்' என்கிறார்கள். கொல்லரோடு சுத்தியலும் பட்டறையும் மனத்தில் ஒட்டிக்கொண்டு வருவதால், முதல் இணையின் உறவை அவர்கள் பார்ப்பதே இல்லை. 'தச்சர் மரத்தால் ஆன பொருள்களைச் செய்கிறார்' என்று முதலில் ஒரு முழு வாக்கியமாகச் சொல்லிப் பார்த்து, அதே வாக்கியத்தில் கொல்லரை வைத்தால், 'இரும்பு' தவிர வேறெதுவும் பொருந்தாது. இரண்டு விடைகள் பொருந்துவதுபோல் தோன்றினால், வாக்கியத்தை இன்னும் நுட்பமாக்க வேண்டும்.

எண்களிலும் இதே கவனம் தேவை. '3 : 9 :: 5 : ?' என்பதற்கு மும்மடங்கு என்றால் 15, வர்க்கம் என்றால் 25. இரண்டும் நியாயமே என்பதால், கொடுக்கப்பட்ட விடைகளைப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

'மயில் அகவும், குயில் கூவும்' என ஒவ்வொரு பறவையையும் அதன் ஒலியோடு இணைக்கும் மரபுச் சொற்களைத் தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு இந்தச் சிந்தனை புதிதன்று என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். தங்கள் மாணவர் பகுதியில் வாரம் ஐந்து ஒப்புமைக் கேள்விகளை, விடையோடு விளக்கமும் சேர்த்து வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்.