அபர்டீன் அயிலை

மக்களே,

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்பாவும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இது மீன் குழம்பா, மீன் கஞ்சியா?" என்றார். அவரை விடு. கல்யாணமாகி 34 வருடத்தில் அடுப்பங்கரைக்குத் தண்ணீர் குடிக்க மட்டுமே வந்தவர் அப்படித்தான் கேட்பார். எனக்கு என்ன நடந்திருக்கும் என்று புரிந்துவிட்டது. மீனைப் போட்ட பிறகு கரண்டியை விட்டுக் கிளறியிருக்கிறாய். பயத்தில் நாலைந்து தடவை கிளறியிருப்பாய்.

"கிராம் கணக்கில் எழுதி அனுப்பும்மா, அப்படியே செய்கிறேன்" என்று கேட்டிருந்தாய். கணக்கும் தருகிறேன். ஆனால் நீ கடையிலேயே சறுக்கிவிட்டாய், அதை முதலில் பேசுவோம்.

நீ வாங்கிய ஹேடாக் கொழுப்பில்லாத வெள்ளை மீன். வெந்ததும் இதழ் இதழாகக் கழன்றுவிடும். மாவில் முக்கிப் பொரித்து உருளைக்கிழங்கோடு சாப்பிட அந்த ஊர்க்காரர்கள் அதைத் தேடுவது சரிதான். நம் புளியும் தேங்காயும் நெய்யுள்ள மீனைத்தான் கேட்கும். அதற்காக மறுபடி இந்தியக் கடைக்குப் போய் உறைந்த நெய்மீன் (வஞ்சிரம்) துண்டு வாங்காதே. போன மாதம் வாங்கி, "வைக்கோல் மாதிரி இருந்தது" என்று நீயே சொன்னாய். எந்தக் கடலில் எப்போது பிடித்ததோ, எத்தனை தடவை இளகி மறுபடி உறைந்ததோ, யார் கண்டது? அறுத்த துண்டாக வருவதால் கண்ணும் இல்லை, செவுளும் இல்லை. அந்த மீனிடம் விசாரிக்க வழியே கிடையாது.

நீ இருக்கும் அபர்டீனே ஸ்காட்லாந்தின் கடற்கரை ஊர். அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் வடக்கே பீட்டர்ஹெட். பிரிட்டனிலேயே அதிகமாக மீன் இறங்கும் துறைமுகம் அது. அந்தக் கடலில் எண்ணெய் எடுக்கிற வேலையை நம்பிப் போனவள், சாப்பாட்டுக்கு மட்டும் அதை நம்ப மாட்டேன் என்றால் எப்படி? அங்கே மேக்கரல் என்று விற்கிறார்களே, அது நம் அயிலைக்கு, அதாவது கானாங்கெளுத்திக்கு, சொந்தக்காரன். இரண்டும் ஒரே குடும்பம். நெய்மீனும் சூரையும்கூட அதே குடும்பம்தான். நம் அயிலை கொஞ்சம் அகல உடம்பு. அங்குள்ளது நீளவாக்கில், முதுகில் கறுப்பு வரியோடு, இன்னும் நெய் கூடுதலாக இருக்கும். அதையே வாங்கு. முழு மீனாக வாங்கு.

முட்டத்திலிருந்து நம் தெருவுக்கு மீன் கொண்டு வரும் அக்காவை நினைவிருக்கிறதா? சருவத்தை இறக்கி வைத்ததும் பாட்டி ஒரு வார்த்தை பேசமாட்டாள். நேராக ஒரு மீனை எடுத்துச் செவுளை விரலால் தூக்கிப் பார்ப்பாள். உள்ளே மாதுளை நிறம் இருந்தால் பேரம் தொடங்கும். காவி நிறத்துக்கு வந்திருந்தால் மீனைத் திரும்ப வைத்துவிட்டுக் கையைக் கழுவப் போய்விடுவாள். அந்த அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. "பாட்டி, மீன் வாங்க வந்தியளா, வைத்தியம் பாக்க வந்தியளா?" என்பாள். அங்கே நீயும் வைத்தியம் பார். கடைக்காரரிடம் செவுளைக் காட்டச் சொல்லக் கூச்சப்படாதே. தலையைப் பிடித்துத் தூக்கினால் உடம்பு விறைப்பாக நிற்க வேண்டும். ஈரத் துணி மாதிரித் தொங்கினால் வைத்துவிட்டு வந்துவிடு.

இந்தக் குடும்பத்து மீன்களிடம் ஒரு வம்பும் உண்டு. நீ ஆறாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் சாயங்காலம் சூரை வாங்கினேன். காலையிலிருந்து வெயிலில் கிடந்த மீனாக இருக்கும். மலிவாகக் கொடுத்தார்கள், நானும் மயங்கிவிட்டேன். சாப்பிட்டு அரை மணி நேரத்தில் உன் காது இரண்டும் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. எனக்கு முகமெல்லாம் அரிப்பு, அப்பாவுக்கு நெஞ்சு படபடப்பு. ஒவ்வாமை என்றுதான் நினைத்தோம். டாக்டர் விளக்கினார்: ஐஸ் இல்லாமல் கிடந்தால் இந்த வகை மீன்களின் சதையில் பாக்டீரியா ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும், அதற்கப்புறம் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது. சில நேரம் நாக்கில் மிளகு கடித்த மாதிரி சுருக்கென்று இருக்குமாம். எனக்கும் அன்று இருந்தது. நான் அரைத்த மிளகு என்றே நினைத்துவிட்டேன். அதனால் மீனை வாங்கினால் நேரே வீட்டுக்கு வா, வழியில் காபி குடிக்க உட்காராதே. உறைந்த மீனாக இருந்தாலும் மேடையில் வைத்து இளகவிடாமல் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிடு.

கழுவுவதைக் கடைக்காரரிடம் விட்டாலும் வீட்டில் ஒரு தடவை நீ பார்க்க வேண்டும். வயிற்றைப் பிளந்தால் உள்பக்கம் கறுப்பாக ஒரு மெல்லிய தோல் ஒட்டியிருக்கும். கல்லுப்பைத் தொட்டுக்கொண்டு கட்டைவிரலால் தேய்த்தால் உரிந்து வந்துவிடும். அதை விட்டால் குழம்பில் ஒரு கசப்பு நிற்கும். நடுமுள்ளை ஒட்டி உறைந்த ரத்தம் ஒரு கோடாக ஓடும். நகத்தால் கீறிக் குழாய்த் தண்ணீரில் விடு. நீ சொல்லும் அந்த "மீன் நாற்றத்தில்" முக்கால்வாசி இந்தக் கோட்டில்தான் இருக்கிறது. அப்புறம் உப்பும் மஞ்சளும் தடவிப் பத்து நிமிடம் வைத்து இன்னொரு தடவை அலசு. தலையைத் தூரப் போடாதே. அது குழம்புக்கு.

இப்போது உன் கணக்கு. நடுத்தர மீன் இரண்டு, வெட்டிக் கழுவினால் நானூறு, நானூற்றைம்பது கிராம் தேறும். துருவிய தேங்காய் 75 கிராம். இங்கே நான் 100 போடுவேன், அங்குள்ள மீனில் நெய் அதிகம் என்பதால் குறைக்கச் சொல்கிறேன். மிளகாய்த்தூள் 2 டீஸ்பூன், மல்லித்தூள் 3, மஞ்சள் அரை, சீரகம் அரை, சின்ன உள்ளி ஆறு. அங்கே ஷாலட் என்று பெரிதாகக் கிடைத்தால் இரண்டு போதும். எல்லாவற்றையும் சந்தனம் மாதிரி அரைக்க வேண்டும். திப்பி இருந்தால் குழம்பு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம் நிற்கும். புளி 25 கிராம், வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்துக்கொள். புட்டியில் விற்கும் கறுப்புப் புளிச்சாந்தில் ஏற்கெனவே உப்புப் போட்டிருப்பார்கள். அதுதான் வீட்டில் இருக்கிறது என்றால் உப்பைக் கடைசியில் பார்த்துப் போடு.

அரைத்ததும் புளித்தண்ணீரும் சேர்த்து அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கட்டும். கீறிய பச்சைமிளகாய், உப்பு, கறிவேப்பிலை போட்டு, மீன் இல்லாமல் பத்து நிமிடம் கொதிக்கவிடு. பச்சை வாடை போய், ஓரத்தில் எண்ணெய் லேசாகக் கண் விடும்போது தீயைக் குறைத்து மீனை ஒவ்வொரு துண்டாக இறக்கு. இதற்கப்புறம் கரண்டி சட்டிக்குள் போகக் கூடாது. சட்டியின் இரண்டு காதையும் துணியால் பிடித்து, முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி ஒரு சுற்று சுற்றிவிடு. ஏழு, எட்டு நிமிடம் போதும். அடுப்பை அணைத்து, ஒரு ஸ்பூன் பச்சைத் தேங்காயெண்ணெய், இன்னும் ஒரு கொத்துக் கறிவேப்பிலை, மூடி. அரை மணி நேரம் திறக்காதே. இன்று ராத்திரி வைத்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு நாளை மத்தியானம் சாப்பிட்டால் இன்னும் நல்லது. முதல் நாள் புளி தனியாக, மீன் தனியாக இருக்கும். மறுநாள்தான் இரண்டும் சமாதானமாகும்.

மண்சட்டி கேட்டிருந்தாய். போன தடவை அனுப்பியது ஓடாக வந்து சேர்ந்தது மறந்துவிட்டதா? அடி கனமான ஸ்டீல் பாத்திரம் போதும். அலுமினியம் மட்டும் வேண்டாம், புளி அதை அரிக்கும்.

புளி என்றதும் ஒன்று. முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள், இதைச் சொல்லாமல் விடமாட்டேன். சங்கப் பாட்டு ஒன்றில் நெடுநேரம் திமில் என்ற படகில் மீன்பிடித்துக்கொண்டிருக்கும் அப்பாவுக்கு மகள் சோறு கொண்டு போகிறாள். உப்பு விற்று வாங்கிய நெல்லில் வடித்த வெள்ளைச் சோறு. அதன்மேல் அயிலையைப் போட்டுக் காய்ச்சிய புளிக்குழம்பு, கூடவே கொழுத்த மீன் துண்டு. இடம் சேரநாட்டுத் தொண்டி, நம் மேற்குக் கடற்கரை. அந்தக் குழம்பில் மிளகாய் இருந்திருக்காது. அது போர்ச்சுக்கீசியர் வந்த பிறகு வந்தது. மற்றபடி நீ ஞாயிற்றுக்கிழமை வைக்கப் பார்த்தது அதே குழம்புதான். அப்பாவிடம் இதைச் சொன்னேன். "அவளுக்குத் திமில் டிக்கெட் எவ்வளவு ஆகும்னு கேளு" என்கிறார்.

மிச்சம் இருக்கிற ஹேடாக்கை வீணாக்காதே. அதற்கு வங்காளிகள் வழி நல்லது. அவர்கள் மீனுக்கு மஞ்சளும் உப்பும் தடவிக் கடுகெண்ணெயில் லேசாகப் பொரித்துவிட்டுத்தான் குழம்பில் போடுவார்கள். வெளியே ஒரு தோல் கட்டிக்கொள்வதால் துண்டு உடையாது. அங்கே கடுகெண்ணெய்ப் புட்டியில் "வெளிப்பூச்சுக்கு மட்டும்" என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு நீ சிரித்தாய் அல்லவா, உனக்கு அது வேண்டாம், தேங்காயெண்ணெய் போதும். இல்லையென்றால் ஆவியில் வேகவைத்து உதிர்த்து, நம் சுறாப்புட்டு மாதிரி உள்ளி, பச்சைமிளகாய், இஞ்சி, மிளகுத்தூள் போட்டுக் கிளறிவிடு. உதிர்கிற மீனை உதிர்த்துச் செய்துவிட்டால் கவலை இல்லை. சால்மனைப் பற்றிக் கேட்டாய். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. புளியோடு சேராத ஒரு இனிப்பு அதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நீ இங்கே ஒரு தடவை வாங்கித் தந்தபோது சாப்பிட்ட அனுபவம் மட்டும்தான், தப்பாகவும் இருக்கலாம்.

பொரிக்கும்போது அலாரம் அடித்து, பக்கத்து வீட்டுப் பாட்டி நைட்டியோடு படியிறங்கி வந்த கதையைக் கேட்டுச் சிரித்தேன். பாவம், அவருக்கும் ஒரு துண்டு கொடுத்திருக்கலாம். புகை வருவது மீனால் வருவதில்லை, கல்லில் கருகும் மசாலாவால். மசாலாவைத் தண்ணீராகக் கரைக்காதே. கெட்டியாக, மெல்லிசாகப் பூசி, ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் காயவிடு. கல் நன்றாகச் சூடானதும் எண்ணெய், அப்புறம் மிதமான தீ. மீன் தானாகக் கல்லை விடும்வரை தொடாதே. நீ தோசையைச் சுரண்டுவது போல ஓரத்தைச் சுரண்டிக்கொண்டே நிற்பாய், எனக்குத் தெரியும். அலாரத்துக்கு அவ்வளவு பயமென்றால் ஓவனில் 200 டிகிரியில் கால் மணி நேரம் வை. பொரித்த ருசி வராது, சண்டையும் வராது.

இங்கே இப்போது விசைப்படகு கடலுக்குப் போவதில்லை. கிழக்குப் பக்கம் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. அது முடிவதற்குள் ஜூன் 1-ல் மேற்கே குளச்சல், முட்டம் பக்கம் தடை தொடங்கி ஜூலை 31 வரை போகும். நம் கன்னியாகுமரி மாவட்டம் ஒன்றிலேயே இரண்டு கடல் இருப்பதன் லாபமும் நஷ்டமும் இதுதான். வள்ளத்தில் போகிறவர்கள் கொண்டு வருவதை வாங்கிச் சமாளிக்கிறோம். சாளைக்கு, மற்ற ஊர்க்காரர்கள் மத்தி என்பார்களே அதற்கு, வந்த கதி உனக்குத் தெரியும். 2012-ல் கேரளத்தில் மட்டும் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் பிடித்தார்கள். 2021-ல் 3,500 டன்கூட இல்லை. அந்த வருடங்களில் மரச்சீனிக் கிழங்குக்கு (மரவள்ளி) சாளை இல்லாமல் பாட்டி காரலையும் கிடைத்த பொடிமீனையும் அதே சட்டியில், அதே புளியில் வைத்தாள். "சாளை வரும்போ வரட்டும், அடுப்பு அதுக்குக் காத்திருக்குமா?" என்பாள். அதனால்தான் நீ உறைந்த நெய்மீனுக்கு அலைவதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது.

பார்சலில் வாளன்புளி ஒரு கிலோ, அப்பா ஊர்க் குடம்புளி கொஞ்சம், வறுத்துத் திரித்த மல்லித்தூள் வைத்திருக்கிறேன். குடம்புளியைக் கரைக்காதே, கழுவி மூன்று இதழை அப்படியே போடு. அது அப்பாவின் வற்புறுத்தல். எனக்கு வாளன்புளிதான் குழம்பு, ஆனால் இந்த வழக்கை இத்தனை வருடமாக இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

வாசலில் பை வைக்கும் சத்தம் கேட்கிறது. அப்பா வடசேரியிலிருந்து வந்துவிட்டார். "ஒரு கிலோ நெத்தோலி, சும்மா கொடுத்த மாதிரி கொடுத்தான்" என்று பெருமையாகச் சொல்கிறார். ஒரு கிலோ நெத்தோலியை ஆய எவ்வளவு நேரமாகும் என்று அவருக்கு யார் சொல்வது? உட்கார வேண்டும். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

அம்மா