ஐந்து நிமிடம் போதாது, தங்கச்சி

அன்புள்ள தங்கைக்கு,

நேற்று நிலைத்த வளர்ச்சி பற்றிய கூட்டத்தில் இளைஞர்கள் சார்பில் நீ பேசியதைக் கேட்டேன். கொடுத்த ஐந்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் உன் பட்டறையில் செய்த சூரிய விளக்கைப் பிரித்துக் காட்டவே போய்விட்டது. அதுதான் எனக்குப் பிடித்தது. நான்கு திருகாணி, சாதாரண ஸ்க்ரூடிரைவர், பேட்டரி தனியாகக் கையில் வந்துவிட்டது. இந்த மாதிரி விளக்குகளில் பெரும்பாலும் முதலில் போவது பேட்டரிதான். எல்இடி இன்னும் பல வருடம் எரியும். ஆனால் பசை போட்டு ஒட்டிய விளக்கில் பேட்டரி போனால் மொத்தமும் குப்பைதான். நிலைத்த வளர்ச்சி என்றால் என்னவென்று அந்த நான்கு திருகாணிகளைப் பார்த்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் நடந்ததுதான் மனதை உறுத்துகிறது. கைதட்டினார்கள். உன்னை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். தீர்மானம் எழுத உள்ளே போனபோது உன்னை யாரும் கூப்பிடவில்லை.

உன் வயதில் என்னையும் ஒரு குழுவில் இளைஞர் பிரதிநிதியாகப் போட்டார்கள். இரண்டு வருடம் ஒரு கூட்டம் விடாமல் போனேன். கூட்டக் குறிப்பில் என்னைப் பற்றி எப்போதும் ஒரே வரிதான்: 'இளைஞர் பிரதிநிதியும் கலந்துகொண்டார்.' நான் என்ன சொன்னேன் என்று ஒரு தடவைகூட எழுதவில்லை.

ரோஜர் ஹார்ட் என்பவர் 1992இல் ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யூனிசெஃபுக்காக எழுதியபோது, பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படி உள்ள ஓர் ஏணியாகக் காட்டினார். ஆட்டுவிப்பது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பேருக்குச் சேர்ப்பது என்று கீழே இருக்கும் மூன்று படிகளும் பங்கேற்பே இல்லை என்றார். நேற்று நீ நின்றது இரண்டாவது படியில். அதே 1992இல்தான் ஐ.நா.வின் ரியோ மாநாட்டில், முடிவெடுக்கும் இடத்தில் இளைஞர்களும் இருக்க வேண்டும் என்று, நிலைத்த வளர்ச்சிக்கான செயல்திட்டமான அஜெண்டா 21இன் 25ஆம் அத்தியாயத்தில் நாடுகள் எழுதி வைத்தன. அன்று பிறந்த குழந்தைகளுக்கே இப்போது முப்பது தாண்டிவிட்டது.

நமக்கோ நேரம் இல்லை. 2015இல் ஐ.நா.வில் 193 நாடுகள் ஏற்ற 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளுக்குக் கெடு 2030. மதிப்பிட முடிந்த துணை இலக்குகளில் 17 சதவீதம்தான் சரியான வேகத்தில் போகின்றன என்று 2024இன் ஐ.நா. அறிக்கை சொன்னது. கெடு முடியும்போது உனக்கு முப்பதுகூட ஆகியிருக்காது. விட்டுப்போனதையெல்லாம் சுமக்கப்போவது உன் வயதுக்காரர்கள்தான்.

அதனால் அடுத்த முறை யாராவது அழைத்தால், சரி என்று சொல்வதற்கு முன் இரண்டு கேள்வி கேள். எனக்கு ஓட்டு உண்டா? வரவு செலவுக் கணக்கை முன்கூட்டியே காட்டுவீர்களா? இல்லை என்றாலும் போ, விளக்கைக் காட்டு. ஆனால் இளைஞர்களைக் கலந்து பேசித்தான் முடிவெடுத்தோம் என்று அவர்கள் எழுதினால், அப்படி நடக்கவில்லை என்று எழுத்திலேயே சொல்லிவிடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபப்படாதே. போன வாரம் உன் பட்டறைக்கு வந்தபோது சால்டரிங் செய்யும் பையன், சுவிட்ச் பக்கத்து வயர் அடிக்கடி விட்டுப்போகிறது என்றான். அக்காவிடம் சொன்னாயா என்று கேட்டேன். "டிசைன் மீட்டிங்குக்கு எங்களைக் கூப்பிட மாட்டாங்களே அண்ணே" என்றான்.

அடுத்த கூட்டத்துக்கு அவனைக் கூப்பிடு. அவன் சொல்வதை அவன் பெயரோடு குறிப்பில் எழுது.

அன்புடன்,
அண்ணன்