நிறைமாதம் தந்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும், வணக்கம்.

என் மகளுக்கு இரண்டாவது குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது. பெண் குழந்தை. 38 வாரம் முடிந்து, அழுதுகொண்டே வந்தாள். தாயும் சேயும் நலம். மூத்தவன் 2022இல் 29ஆவது வாரத்தில், ஒரு கிலோவுக்குச் சற்றே கூடுதலான எடையில் பிறந்தவன். அதனால் இந்த 38 வாரம் எங்கள் வீட்டுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் எங்களை அறிந்த எல்லோருக்கும் தெரியும்.

பலர் வீட்டுக்கு வந்து, "எல்லாம் அம்மன் அருள்" என்கிறார்கள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக நேர்ந்துகொண்டவள் நான், ஊற்றியும் விட்டேன். ஆனால் இதில் மனிதர்களின் உழைப்பு நிறைய இருக்கிறது. அவர்களில் சிலரை நேரில் பார்த்து நன்றி சொல்லிவிட்டேன். பெரும்பாலோரை இனி ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. ஓய்வுபெற்ற தமிழ் வகுப்பு ஆசிரியைக்கு எழுதத்தான் தெரியும், அதனால் இந்த மடல்.

முதல் நன்றி எங்கள் கிளினிக் சிஸ்டருக்கு. மகள் கருவுற்றதும் போய்ப் பதிவு செய்தபோது, முதல் பிரசவம் 29 வாரத்தில் ஆனது என்பதைப் பார்த்த உடனே அவர் பேனாவை எடுத்துப் பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிவிட்டார். அடுத்த முறை பார்க்கலாம் என்று தள்ளிப்போடவில்லை. ஏற்கெனவே ஒருமுறை குறைமாதத்தில் பெற்றவளுக்கு மறுபடியும் அப்படி நேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். முன்கூட்டியே அறியக் கிடைக்கும் தடயங்களில் அது முக்கியமானது. அந்தத் தடயத்தைக் கண்டதும் உடனே செயல்பட்டார் பாருங்கள், அதற்குத்தான் நன்றி. இந்த நாட்டில் கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் அரசு மருத்துவம் இலவசம் என்று 1994இல் மண்டேலா அரசு எடுத்த முடிவையும் இங்கே நன்றியோடு நினைக்கிறேன். என் காலத்துப் பெண்களுக்கு அது கிடைக்கவில்லை.

அடுத்து, டர்பன் மருத்துவமனையில் மகளைப் பார்த்த டாக்டர் அம்மாவுக்கு. 16ஆவது வாரம் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச்சொல்லி, உள்வழி ஸ்கேனில் கருப்பை வாயின் நீளத்தை அளந்தார். மூன்று, மூன்றரை சென்டிமீட்டர் இருந்தால் கவலையில்லை. 25 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் குறைப்பிரசவம் ஆகலாம் என்று உஷாராக வேண்டும். 20ஆவது வாரத்தில் என் மகளுக்கு 14 மில்லிமீட்டர்தான் இருந்தது. வலி இல்லை, இரத்தக் கசிவு இல்லை, அன்று காலையில்கூட அவள் மூத்தவனைத் தூக்கிக்கொண்டு நடந்தவள். அளந்து பார்த்திருக்காவிட்டால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். கருப்பை வாயில் தையல் போடலாம், அது மும்பையின் டாக்டர் ஷிரோட்கர் 1950களில் உலகுக்குத் தந்த வழி. இல்லையென்றால் தினமும் இரவில் உள்ளே வைக்கும், கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்ட்ரோன் மாத்திரை. இரண்டில் எதற்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். மகள் மாத்திரையைத் தேர்ந்தெடுத்தாள். நான் இடையில் புகுந்து, "பிள்ளை பிறக்கும்வரை படுக்கையிலேயே வைத்திருக்கட்டுமா டாக்டர்?" என்று கேட்டேன். நம் வீடுகளில் பாட்டி காலத்திலிருந்து வரும் வைத்தியம் அதுதானே. "வேண்டாம் ஆன்ட்டி, படுத்தே கிடப்பதால் குறைப்பிரசவம் நிற்பதாக நிரூபிக்கப்படவில்லை. காலில் இரத்தம் உறையும், எலும்பும் தசையும் தளரும். சாதாரணமாக நடமாடட்டும்" என்றார். அந்த ஒரு வார்த்தையால் என் மகள் கைதிபோலக் கிடக்காமல் பிள்ளையோடு விளையாடிக்கொண்டு இந்த மாதங்களைக் கழித்தாள்.

இப்போது நான் முகம் அறியாதவர்களிடம் வருகிறேன். இந்த மடலை எழுதத் தூண்டியவர்கள் அவர்கள்தான்.

அந்த மாத்திரை வேலை செய்யும் என்று டாக்டருக்கு எப்படித் தெரியும்? என் மருமகன் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்து எனக்கு விளக்கினார். 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு. பிரிட்டன், சிலி, பிரேசில், கிரீஸ் நாடுகளில் 24,620 கர்ப்பிணிகள் கருப்பை வாயை அளந்துகொள்ளச் சம்மதித்தார்கள். அவர்களில் 413 பேருக்கு மட்டும் 15 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ இருந்தது. அதிலும் 250 பேர் ஆய்வில் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்குப் புரோஜெஸ்ட்ரோன், பாதிப் பேருக்குப் பார்ப்பதற்கு அதேபோல இருக்கும் மருந்தில்லா மாத்திரை. யாருக்கு எது என்பது அவர்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. மருந்து எடுத்தவர்களில் 19 சதவீதம் பேருக்கு 34 வாரத்துக்கு முன் பிரசவமானது. மருந்தில்லாத பக்கத்தில் 34 சதவீதம்.

அந்த 34 சதவீதத்தை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். 125 பெண்களில் 43 பேர். தனக்குக் கருப்பை வாய் குறுகிவிட்டது என்று தெரிந்து, பயத்தோடு, தனக்குக் கிடைப்பது வெறும் மாத்திரையாகவும் இருக்கலாம் என்று தெரிந்து கையெழுத்துப் போட்டவர்கள். இரவு தவறாமல் அதை வைத்துக்கொண்டவர்கள். அவர்களுக்குக் குறைமாதத்தில் பிறந்தது. அதனால்தான் என் மகளுக்கு எது கொடுக்க வேண்டும் என்று தெரிந்தது. லண்டனிலோ சாவோ பாலோவிலோ இருக்கும் அம்மா, உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. டர்பனில் ஒரு கிழவி உங்களை நினைத்து விளக்கேற்றுகிறாள். உங்கள் பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

ஆய்வு "இல்லை" என்று சொன்ன இடங்களுக்கும் என் நன்றி உண்டு. வாரம் ஒருமுறை போடும், புரோஜெஸ்ட்ரோனைப் போன்ற செயற்கை ஹார்மோன் ஊசி ஒன்று அமெரிக்காவில் பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தது. 2003இல் நல்ல முடிவு வந்தது, 2011இல் அனுமதி கிடைத்தது. பின்னர் சுமார் 1,700 பெண்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. 2023இல் அனுமதியைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அந்த 1,700 பேர் சேர்ந்திருக்காவிட்டால் இன்னும் எத்தனையோ தாய்மார் வீணாகக் குத்திக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். 1984இல் எனக்கு முதல் பிள்ளை எட்டாம் மாதம் தொடங்கும்போதே பிறந்தான். ஆண் குழந்தை. நுரையீரல் விரியாமல் மூச்சுத் திணறி மறுநாளே போய்விட்டான். எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. நிறவெறி ஆட்சியில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய வார்டில், பிள்ளையின் நுரையீரலைப் பக்குவப்படுத்தப் பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியை எனக்குப் போடவில்லை. அந்த ஊசியைப் பற்றி நான் தெரிந்துகொண்டது மிகப் பின்னால். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கிரகாம் லிகின்ஸ் என்ற மருத்துவர் ஆடுகளில் பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்தபோது, பிழைக்கவே வாய்ப்பில்லாத காலத்தில் பிறந்த ஒரு குட்டி மூச்சுவிடுவதைக் கண்டார். ஸ்டீராய்டு அதன் நுரையீரலை முன்கூட்டியே பக்குவப்படுத்தியிருந்தது. அவரும் ராஸ் ஹோவியும் 282 தாய்மாரிடம் சோதித்து 1972இல் வெளியிட்டார்கள். ஆனால் உலகெங்கும் அது வழக்கமாக 1990கள் ஆயிற்று, அதுவும் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர்கள் குரல் கொடுத்த பிறகுதான். காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பின் சின்னத்தில் உள்ள சின்னச் சின்னக் கோடுகள் அந்த ஊசியின் முடிவுகளைத்தான் காட்டுகின்றன.

என் பேரன் பிறக்குமுன் என் மகளுக்கு அந்த ஊசி போட்டார்கள். மூளையைக் காக்க மெக்னீசியமும் ஏற்றினார்கள். அவன் மூக்கில் காற்றுக் குழாய் மட்டும் வைத்துக்கொண்டு மூச்சுவிட்டான். அந்த 282 பேருக்கும் நான் கடன்பட்டவள்.

அவன் வார்டில் இருந்தபோதுதான் 2022 ஏப்ரல் வெள்ளம் வந்தது. சாலைகள் அறுந்தன, குழாயில் தண்ணீர் இல்லை. வீட்டுக்குப் போக முடியாத நர்ஸுகள் அங்கேயே தங்கி மாற்றி மாற்றி வேலை பார்த்தார்கள். சொந்த வீட்டில் வெள்ளம் புகுந்தது தெரிந்தும் குழந்தைகளை விட்டு நகராதவர் ஒருவர் இருந்தார். சிஸ்டர், உங்களுக்கு நன்றி சொல்ல என்னிடம் போதுமான சொல் இல்லை. எங்களைச் சுற்றுவழியில் வேனில் கொண்டுபோய்விட்ட பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், முருங்கைக்கீரையும் பூண்டுக் குழம்பும் கொடுத்தனுப்பிய கோயில் அக்காமாருக்கும் நன்றி.

கங்காரு பராமரிப்பு வார்டில் இருந்த ஸூலு அம்மாக்கள் என் மகளுக்குக் குழந்தையை மார்போடு சேர்த்துக் கட்டக் கற்றுக்கொடுத்தார்கள். என்னைக் "கோகோ" (ஸூலுவில் பாட்டி) என்று கூப்பிட்டு உட்கார இடம் கொடுத்தார்கள். கொலம்பியாவின் பொகோட்டாவில் 1970களின் இறுதியில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கிய இந்த முறையை நம் நாட்டில் கேப் டவுனின் நில்ஸ் பெர்க்மன் போன்றவர்கள் ஆராய்ந்து, சிறு குழந்தைக்குத் தாயின் தோலே நல்ல இடம் என்று வாதாடிப் பரப்பினார்கள். மின்வெட்டு நேரத்திலும் தாயின் சூடு குறைவதில்லை. மாப்பிள்ளையும் முறை வைத்து மகனை மார்பில் போட்டுக்கொண்டார்.

மகளுக்குப் பால் ஊறாத முதல் நாட்களில் வேறொரு தாய் கறந்து கொடுத்த பால்தான் என் பேரனைக் காத்தது. சூடாக்கிக் கிருமி நீக்கிய பால். குறைமாதக் குழந்தையின் குடலைத் தாக்கும் கொடிய நோய்க்கு, புட்டிப் பால் மாவைவிட அது பெரிய பாதுகாப்பு. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகப் பேராசிரியை அன்னா கூட்சூடிஸ் 2000களின் தொடக்கத்தில் நம் டர்பனில் ஐத்தெம்பா லேத்து பால் வங்கியை உருவாக்கினார். தாய்ப்பால் வழியாகவும் பரவக்கூடிய எச்ஐவி பெருகியிருந்த காலத்தில் அது துணிச்சலான வேலை. தானம் கொடுத்த தாய்மாரே, ஸூலுவில் சொல்கிறேன், ஸியாபோங்கா, நன்றி.

கிளினிக்கில் கொடுத்த கால்சியம் மாத்திரைக்கும் ஒரு வரி. நம் நாட்டின் ஈஸ்ட் லண்டன் நகரத்து மருத்துவர் ஜஸ்டஸ் ஹோஃப்மெயர் பல ஆண்டுகள் அதைப் பற்றி உழைத்தவர். உணவில் கால்சியம் குறைந்த பெண்களுக்கு அது கர்ப்பகால இரத்த அழுத்தக் கோளாற்றைக் குறைக்கிறது. அந்தக் கோளாறுதான் பல சமயம் குழந்தையை முன்னதாகவே வெளியே எடுக்க வைக்கிறது.

இத்தனை இருந்தும், 2020இல் மட்டும் உலகில் 1.34 கோடிக் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தார்கள். பாதிக்கு மேல் ஏன் என்று காரணமே சொல்ல முடிவதில்லை. கருப்பை வாயை அளந்தாலும் எல்லோரையும் கண்டுபிடிக்க முடியாது. தாயின் இரத்தத்தில் மிதக்கும், மரபணுச் செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏ துணுக்குகளைப் படித்துக் குறைப்பிரசவத்தை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று 2018இலேயே ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் முயன்று, நம்பிக்கை தரும் முதல் முடிவுகளை வெளியிட்டார்கள். அது கிளினிக் மேசைக்கு வர இன்னும் ஆயிரக்கணக்கான பெண்கள் இரத்தம் கொடுக்க வேண்டியிருக்கும்.

கடைசி நன்றி என் மகளுக்கு. இந்தக் கர்ப்பத்தில் மருத்துவமனையில் ஓர் ஆய்வுக்காக இரத்த மாதிரி கேட்டார்கள். களப்பணியாளர் பெண் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, படிவத்தை ஒவ்வொரு பக்கமாகப் படித்து, வேண்டாம் என்றால் சிகிச்சையில் ஒரு குறையும் வராது என்று பொறுமையாகச் சொன்னார். அவருக்கும் நன்றி. நான் மகளைப் பார்த்தேன். "அம்மா, எனக்காக யாரோ கொடுத்தார்களே" என்று சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடித்தாள்.

அன்புடன்,
ஒரு பாட்டி
சாட்ஸ்வொர்த், டர்பன்