பூ உருவங்கள் இருக்கட்டும், பதிவேடு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒவ்வொரு மே மாதமும் ஊட்டி மலர்க் கண்காட்சிப் படங்களை உங்கள் நாளிதழில் பார்க்கிறேன். 1848-ல் ஆரம்பித்த பூங்கா, கார்னேஷன் பூவில் செய்த உருவங்கள், அலைமோதும் கூட்டம், எல்லாம் சரி. அந்தச் செய்திகளில் நம் மலைச் செடி ஒன்றின் பெயராவது வருகிறதா என்று தேடுவது எனக்கு வழக்கமாகிவிட்டது.

அகத்தியமலைப் பகுதியில் மட்டும் வளரும் ஓர் ஆர்க்கிட் உண்டு, பாஃபியோபெடிலம் ட்ரூரி. மஞ்சள் பூ, இதழ் நடுவே பேனாவால் இழுத்தது போல ஒரு கரும்பழுப்புக் கோடு, கீழே குட்டிச் செருப்பின் முனை மாதிரி ஒரு பை. ஆசைப்பட்டவர்களும் வியாபாரிகளும் வேரோடு பிடுங்கிப் பிடுங்கியே, அடியோடு அழியும் நிலைக்கு அதைக் கொண்டுவந்துவிட்டார்கள். இந்த மாதிரிச் செடிகளுக்குத்தான் தாவரவியல் பூங்கா கடைசிப் புகலிடம். ஆனால் தொட்டியில் ஒன்றை வைத்துவிட்டால் காப்பாற்றியதாக ஆகிவிடாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு பூங்காவின் நாற்றங்காலுக்குப் போயிருந்தேன் (பெயர் வேண்டாம்). ஒரு தொட்டியில் துருப்பிடித்த தகடு, அதில் 'ஆர்க்கிட் 14', அவ்வளவுதான். எந்த மலையிலிருந்து வந்தது என்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். "பழைய சார் இருந்தப்ப நோட்டுல எழுதி வெச்சிருந்தாரு, இப்ப அந்த நோட்டு எங்கன்னு தெரியல" என்றார். எங்கே எடுத்தது என்று தெரியாத செடியை எந்தக் காட்டில் திரும்ப நடுவது? அதிலும் பக்கத்துத் தொட்டியில் அதன் சொந்தக்கார இனம் ஒன்று பூத்தால் மகரந்தம் கலந்து, விதை கலப்பினமாகிவிடும்.

ஒன்றே ஒன்று மிஞ்சினால் என்ன பாடு என்பதற்கு, இந்தியப் பெருங்கடலில் மொரீஷியஸைச் சேர்ந்த ரோட்ரீகஸ் தீவின் கஃபே மாரோன் என்ற சிறு மரம் போதும். காட்டில் மிச்சம் ஒரே மரம். 1986-ல் அதன் குச்சிகளை லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுபோய் வேர்விட வைத்தார்கள். பூத்தது, பூத்துக்கொண்டே இருந்தது, ஆனால் காய்க்கவில்லை. விதையைக் கண்ணால் பார்க்க 2003 ஆகிவிட்டது. நம்மிடம் காட்டில் இன்னும் நாலு செடியாவது இருக்கும்போதே வெவ்வேறு தாய்ச்செடிகளிலிருந்து விதை எடுத்து, தனித்தனியாக எண் போட்டு, ஒரே பூங்காவில் குவிக்காமல் இரண்டு மூன்று இடங்களில் வளர்த்தால் என்ன?

அப்புறம் ஒரு வேண்டுகோள். அடுத்த மே மாதம் உங்கள் நிருபர் ஊட்டிக்குப் போகும்போது, எடுத்த இடமும் தேதியும் எழுதிய பதிவேட்டோடு எத்தனை மலைச் செடிகள் இருக்கின்றன என்று அதிகாரிகளிடம் கேட்கச் சொல்லுங்கள். என்ன பதில் வந்தாலும் பூப்படத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
தென்காசி