பட்டாளத்துக்குப் போன ஐரிஷ்காரர்கள்

டப்ளின்,
நவம்பர் மாதம்.

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கோல் இல்லாமல் வாசல் வரை நடக்கிறாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சின்னவனுக்குச் சண்டிகரில் வேலை கிடைத்ததும் நல்ல செய்தி. இங்கே எல்லோரும் சுகம். குளிர் தொடங்கிவிட்டது, சாயங்காலம் ஐந்து மணிக்குள் இருட்டிவிடுகிறது. பேத்தி பள்ளியில் ஐரிஷ் மொழி படிக்கிறாள். நமக்கு வாயில் நுழையாத ஊர்ப் பெயர்களை எல்லாம் அவள்தான் சொல்லிக் கொடுக்கிறாள்.

சரி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். இங்கிலாந்தோடு நூற்றாண்டுக் கணக்கில் போராடியவர்கள் முதல் உலகப்போரில் அதே இங்கிலாந்து ராஜாவின் சீருடையைப் போட்டுக்கொண்டு ஏன் போனார்கள் என்று கேட்டிருந்தாய். சரித்திர வாத்தியார் கேட்க வேண்டிய கேள்விதான். இங்கே வந்த புதிதில் எனக்கும் அது புரியவில்லை. படிக்கப் படிக்க, 'ஐரிஷ் சிப்பாய்' என்று ஒரே ஆளாக நினைத்துப் பதில் தேடினால் கிடைக்காது என்று தோன்றியது.

ஏறக்குறைய 2 லட்சம் பேர் போனார்கள். 30,000க்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. கட்டாய ராணுவச் சேவை பிரிட்டனில் 1916இல் வந்தபோதும் அயர்லாந்துக்கு வரவில்லை. 1918 ஏப்ரலில் அதைக் கொண்டுவரச் சட்டம் போட்டார்கள். நாடே வேலைநிறுத்தம் செய்து எதிர்த்ததால் அமலாகவில்லை. ஆக, போனவர்கள் யாரையும் கட்டாயச் சட்டம் பிடித்து இழுத்துப் போகவில்லை.

ஆனால் வறுமைக்குச் சட்டம் தேவையில்லை. 1913இல் டப்ளின் முதலாளிகள் தொழிற்சங்கத்தை உடைக்க ஆயிரக்கணக்கான தொழிலாளர்களை மாதக்கணக்கில் வேலைக்குச் சேர்க்காமல் வெளியே நிறுத்தினார்கள். ஓர் அறையில் ஒரு குடும்பமே படுத்துக் கிடந்த காலம். மறு வருஷம் போர் வந்தது. பட்டாளத்தில் சேர்ந்தவனின் மனைவிக்கு வாராவாரம் படிப்பணம் கையில் வரும். அந்த வீட்டில் நீயும் நானும் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்?

அரசியல் காரணமும் இருந்தது. அயர்லாந்துக்கு உள்நாட்டுச் சுயாட்சி தரும் சட்டம் 1914 செப்டம்பரில் நிறைவேறியது, ஆனால் போர் முடியும்வரை நிறுத்திவைக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து, விக்லோ மாவட்டத்து வுடன்பிரிட்ஜில், தேசியவாதத் தலைவர் ஜான் ரெட்மண்ட், சுயாட்சிக்காகத் திரண்டிருந்த ஐரிஷ் தொண்டர் படையினரைப் பார்த்து, போர் எங்கே நடக்கிறதோ அங்கே போய் நில்லுங்கள் என்றார். நாம் உடன் நின்றால் சுயாட்சி கைக்கு வரும் என்பது அவர் நம்பிக்கை. காந்தியே 1918இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்க ஊர் ஊராக நடந்ததை நீ பாடமாக நடத்தியிருக்கிறாய். இரண்டு நாட்டிலும் ஒரே நம்பிக்கை, ஒரே ஏமாற்றம். வடக்கே அல்ஸ்டரில், அந்தச் சுயாட்சி வரவே கூடாது என்று துப்பாக்கி தூக்கியிருந்தவர்களும் ராஜவிசுவாசத்தைக் காட்ட அதே பட்டாளத்தில் சேர்ந்தார்கள். ஒருவரை ஒருவர் சுட ஆயத்தமாக இருந்த இரண்டு கூட்டமும் இப்படித்தான் ஒரே ராணுவத்தில் வந்து நின்றன.

என்னைத் தூங்கவிடாத இடம் ஒன்று உண்டு. வடக்கு பிரான்சில் ஹுல்லுக் என்ற சின்ன ஊர். 1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கள், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஐரிஷ் கிளர்ச்சிக்காரர்கள் டப்ளின் அஞ்சல் நிலையத்தைக் கைப்பற்றிக் குடியரசு அறிவித்தார்கள். அந்த வாரமே, 27ஆம் தேதி விடிகாலையில், ஹுல்லுக்கில் ஐரிஷ்காரர்களின் 16ஆவது டிவிஷன் இருந்த பதுங்குகுழிகள் மேல் ஜெர்மானியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். அன்றைக்கு இருந்த முகமூடி, ரசாயனத்தில் நனைத்த துணிப்பை. தலையோடு மாட்டிக்கொண்டு அதற்குள்ளே மூச்சு விட வேண்டும். 29ஆம் தேதி மறுபடியும் வாயு. மூன்று நாளில் 500க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதே 29ஆம் தேதி டப்ளினில் கிளர்ச்சிக்காரர்கள் சரணடைந்தார்கள். டப்ளின் தெருவில் அவர்களை எதிர்த்துச் சுட முதலில் அனுப்பப்பட்டவர்களிலும் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் என்ற ஐரிஷ் ரெஜிமென்ட்டின் சிப்பாய்கள் இருந்தார்கள். பிரான்சிலும் அதே பெயர் ரெஜிமென்ட், டப்ளினிலும் அதே பெயர் ரெஜிமென்ட், எதிரே நிற்பவன் பக்கத்துத் தெருக்காரன்.

சில நாள் கழித்து ஜெர்மானியர் குழிக்கு மேலே ஒரு பலகை தூக்கினார்கள். அயர்லாந்தில் பெரும் கலவரம், உங்கள் மனைவி பிள்ளைகளை ஆங்கிலேயப் பீரங்கிகள் சுடுகின்றன என்று எழுதியிருந்தது. இன்னொரு ஐரிஷ் ரெஜிமென்ட்டான மன்ஸ்டர் ஃபியூசிலியர்ஸ்காரர்கள் ஊர்ந்து போய் அந்தப் பலகையைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். அன்று ராத்திரி அவர்கள் மனசில் என்ன ஓடியிருக்கும்? பிடுங்கி வந்தது வீரம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் டப்ளின் எரிந்ததும் பொய் இல்லையே.

டாம் கெட்டிலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். கவிஞர், நாடாளுமன்ற உறுப்பினர், டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர். 1914இல் ஐரிஷ் தொண்டர் படைக்குத் துப்பாக்கி வாங்கத்தான் பெல்ஜியம் போனார். போன இடத்தில் ஜெர்மன் படை செய்த அக்கிரமத்தைப் பார்த்து, எதிர்க்க வேண்டிய எதிரி இவன்தான் என்று முடிவு செய்து பிரிட்டிஷ் பட்டாளத்தில் சேர்ந்தார். ஈஸ்டர் வாரத்தில், அவர் மனைவியின் அக்கா கணவர், ஆயுதமே தொடாத ஷீஹி ஸ்கெஃபிங்டனை ஒரு பிரிட்டிஷ் அதிகாரி விசாரணை இல்லாமல் சுட்டுக் கொல்ல வைத்தான். கெட்டில் அதே ராணுவத்தின் சீருடையில் இருந்தார். கிளர்ச்சி செய்தவர்களை நாளை வீரர்கள் என்பார்கள், தன்னை வெறும் பிரிட்டிஷ் அதிகாரி என்பார்கள் என்று அப்போதே அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் முன்னணிக்குப் போனார். 1916 செப்டம்பர் 9, சோம் போரில், கின்ஷி என்ற ஊரைப் பிடிக்கும்போது செத்தார். சில நாள் முன்னால் சின்ன மகளுக்கு ஒரு கவிதை எழுதியிருக்கிறார். கொடிக்காகவும் ராஜாவுக்காகவும் நான் சாகவில்லை என்று அதில் சொல்கிறார். உடல் கிடைக்கவே இல்லை. ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்காவில் அவர் மார்பளவுச் சிலை இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

ஜான் ரெட்மண்டின் தம்பி வில்லி, ஐம்பத்தாறு வயதில் பெல்ஜியத்து மெஸ்ஸீன் போருக்குப் போனார், 1917 ஜூன் 7. அன்று 16ஆவது டிவிஷனும் அல்ஸ்டர்காரர்களின் 36ஆவது டிவிஷனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சண்டை போட்டன. அடிபட்ட வில்லியைத் தூக்கி வந்தவர்கள் அல்ஸ்டர் டிவிஷன்காரர்கள். அன்றைக்கே உயிர் போய்விட்டது. அவர் இறந்ததால் காலியான கிழக்கு கிளேர் தொகுதியில் அடுத்த மாதமே ஜெயித்தது யார் தெரியுமா? ஈமன் டி வலேரா, ஈஸ்டர் கிளர்ச்சியின் தளபதிகளில் ஒருவர். அவ்வளவு வேகமாகக் காற்று திசை மாறிவிட்டது.

துருக்கியின் கலிப்போலியில் 1915இல் ஐரிஷ் பட்டாலியன்கள் பட்டபாடும் இதே அளவு கொடுமைதான். அதை இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன்.

திரும்பி வந்தவர்கள் கதைதான் எனக்கு இதைவிட வலிக்கிறது. போகும்போது பேண்டு வாத்தியத்தோடு அனுப்பிய ஊர், வரும்போது முகம் கொடுத்துப் பேசவில்லை. சிலர் பயிற்சியை மறுபக்கத்துக்கு, பிரிட்டனை எதிர்த்த சுதந்திரப் போருக்குக் கொண்டுபோனார்கள். மெசபடோமியாவில் பிரிட்டிஷ் சிப்பாயாக இருந்த டாம் பாரி, 1920இல் கார்க் மாவட்டத்தில் பிரிட்டிஷ் படையை மறைந்திருந்து தாக்கும் தலைவனானார். கின்ஷியில் கெட்டிலோடு நின்ற எம்மெட் டால்டன், அந்தப் போரின் தலைவர்களில் ஒருவரான மைக்கேல் காலின்ஸின் வலதுகையாகி, 1922 ஆகஸ்டில் காலின்ஸ் சுடப்பட்டபோது உடன் இருந்தார். மிச்சப்பேர் பதக்கத்தை மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டார்கள். 1922இல் தெற்கு அயர்லாந்து தனி நாடாகப் பிரிந்தபோது அந்தப் பகுதி ரெஜிமென்ட்களைக் கலைத்து, கொடிகளை விண்ட்சர் கோட்டையில் வைத்துவிட்டார்கள். இவர்களைத் துரோகி என்று சொன்னவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. சுதந்திரத்துக்காகச் செத்தவர்களை மதிக்க இவர்களை மறக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லையே.

லிஃபி ஆற்றங்கரையில் ஐலண்ட்பிரிட்ஜில் நினைவுப் பூங்கா இருக்கிறது. டெல்லி இந்தியா கேட்டை வடிவமைத்த அதே லட்யன்ஸ்தான் இதையும் வடிவமைத்தார். 1930களில் கட்டியபோது வேலை செய்தவர்களில் பாதிப்பேர் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர்கள், பாதிப்பேர் ஐரிஷ் ராணுவத்தில் இருந்தவர்கள். முடிந்தும் முறையான திறப்பு விழா நடக்கவில்லை. பல காலம் புதர் மண்டிக் கிடந்து, செப்பனிட்ட பிறகு 1988இல்தான் அர்ப்பணம் செய்தார்கள். பூங்காவில் கல்லால் கட்டிய அறைகளில் வைத்த பெயர்ப் புத்தகங்களில், போரில் செத்தவர்களின் 49,400 பெயர்கள். ஐரிஷ் ரெஜிமென்ட்களில் சேர்ந்த மற்ற நாட்டவரும் அதில் உண்டு. 2011இல் எலிசபெத் ராணி வந்து இங்கே மலர்வளையம் வைத்தார்.

அப்புறம், நம் நாட்டோடு சேர்ந்த ஒரு விஷயம். 1920 ஜூன் 28, ஜலந்தர் முகாமில் பிரிட்டிஷ் ராணுவத்தின் கன்னாட் ரேஞ்சர்ஸ் என்ற ஐரிஷ் ரெஜிமென்ட் சிப்பாய்கள் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். பலர் உலகப்போரைப் பார்த்தவர்கள். ஊரில் பிரிட்டிஷ் படை நடத்தும் அட்டூழியம் நிற்கும்வரை வேலை செய்ய மாட்டோம் என்றார்கள். சோலன் முகாமுக்கும் அது பரவியது. அங்கே தலைமை தாங்கிய ஜேம்ஸ் டேலிக்கு இருபது வயது. மரண தண்டனை விதிக்கப்பட்ட மற்றவர்களுக்குத் தண்டனையைக் குறைத்துவிட்டு, அவரை மட்டும் நவம்பர் 2ஆம் தேதி டக்ஷாய் சிறையில் சுட்டுக் கொன்றார்கள். 1970இல்தான் உடலை அயர்லாந்துக்குக் கொண்டுவந்தார்கள்.

சண்டிகரிலிருந்து சிம்லா போகும் பக்கம்தான் டக்ஷாய். அந்தச் சிறை இப்போது அருங்காட்சியகம். சின்னவன் வீட்டுக்குப் போகும்போது, முழங்கால் இடம் கொடுத்தால், ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு எனக்கு விவரமாக எழுது. டாக்டர் சொன்ன பயிற்சியை விடாமல் செய். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் பழைய நண்பன்