மரத்தில் தமிழ் எழுத்து அறுப்போருக்கு அளவான வரைபடம் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தமிழ் எழுத்தை மரத்தில் அறுத்தால் முதலில் உதிர்வது புள்ளிதான். வாசலில் மாட்டும் 'நல்வரவு' பலகையையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து ஐந்து, அறுத்து முடித்தால் கையில் இருப்பது ஆறு துண்டு. ஆறாவது, 'ல்' தலைமேல் இருந்த புள்ளி. 'வணக்கம்' என்றால் ஏழு துண்டு. 'கோ' என்ற ஒற்றை எழுத்தே மூன்று துண்டாக வரும். ஆங்கிலத்தில் இந்தத் தொல்லை சின்ன ஐ, சின்ன ஜே இரண்டோடு முடிந்துவிடுகிறது. அதனால்தான் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும் ஸ்க்ரோல் சா (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி வளைவுகளை அறுக்கும் மேசை ரம்பம்) வரைபடங்களில் இதற்கு வழியே சொல்லப்படுவதில்லை.

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் ஓர் அறையில் இந்தச் சிறிய ரம்பத்தை வைத்துக்கொண்டு பெயர்ப்பலகை, தீபாவளித் தோரணம், பிள்ளைகளுக்கான எழுத்துப் புதிர் என்று செய்துபார்க்கும் ஆர்வலர்களுக்கு நம் நாளிதழ் ஓர் உதவி செய்யலாம். ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடக்கும் மாதத்திலாவது, அறுப்பதற்கென்றே வரைந்த முழு அளவுத் தமிழ் எழுத்துகளை அச்சிட்டுத் தர வேண்டும். எப்படிப்பட்ட வரைபடம் வேண்டும், ஏன் வேண்டும் என்பது வேலையைத் தெரிந்துகொண்டால்தான் விளங்கும்; கடிதம் சற்று நீள்வதைப் பொறுத்தருள வேண்டும்.

முதலில் எழுத்துரு. தலைப்புச் செய்தியில் வரும் எழுத்து கண்ணுக்கு அழகு, ரம்பத்துக்கு ஆகாது. அதில் கோடு ஓரிடத்தில் தடித்து, வளைவு திரும்பும் இடத்தில் ஊசியாக மெலியும். அந்த ஊசிமுனையில்தான் மரம் ஒடியும். கோட்டின் அகலம் எங்கும் ஒன்றுபோல இருக்க வேண்டும். பலகையின் கனத்தைவிட அது குறையக் கூடாது. 6 மி.மீ. பிளைவுட்டில் 6 மி.மீ. கோடு என்பது கீழ்வரம்பு, 8 இருந்தால் நிம்மதி. எழுத்தின் உயரம் 8 செ.மீ. வைத்தால் இந்த அகலம் பொருத்தமாக அமையும்.

கணினியில் வரைவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தமிழைச் சரியாகக் கோத்துக் காட்டாத மென்பொருள்களில் 'கெ' என்று தட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். திரையில் கண் தப்பிவிடும். பலகை அறுபட்ட பிறகு திருத்த முடியாது. தாளில் அச்செடுத்து, எழுத்துக் கூட்டி ஒருமுறை வாசித்த பிறகே மரத்தில் ஒட்ட வேண்டும்.

இனி புள்ளி. அதை எழுத்தோடு சேர்த்துப் பிடிக்கச் சிலர் 3 மி.மீ. அகலத்தில் ஒரு காம்பு வரைகிறார்கள். சுவரில் மாட்டும் பலகைக்கு அது போதும். காம்பை மட்டும் சுவரின் நிறத்தில் தீட்டிவிட்டால் தொலைவிலிருந்து தெரியாது. எழுத்துப் பழகும் பிள்ளைக்குக் கொடுப்பதில் காம்பு கூடாது. அதையும் எழுத்தின் உறுப்பு என்றே பிள்ளை எண்ணிக்கொள்ளும்.

இதைவிட நல்ல வழி, எழுத்தைச் சுற்றி மிஞ்சும் சட்டத்தைக் காப்பாற்றிக்கொள்வது. பலகையின் விளிம்பிலிருந்து அறுத்துக்கொண்டு உள்ளே போகாமல், ஒவ்வோர் எழுத்துக்கும் வெளிப்புறத்தில், கோட்டைத் தொட்டாற்போல 1.5 மி.மீ. துளை போட்டு, அதில் பிளேடைக் கோத்து அறுத்தால் சட்டம் ஒரே துண்டாக நிற்கும். புள்ளி இருக்கும் இடத்தில் ரம்பம் வேண்டாம், 10 மி.மீ. டிரில் பிட்டால் நேராகத் துளைத்துவிடலாம். பிறகு சட்டத்தைப் பின்பலகை மேல் வைத்து நாடாவால் அசையாமல் பிடித்து, வெள்ளை மரப்பசை தடவிய எழுத்துகளை அவற்றின் குழிகளில் இறக்க வேண்டும். 10 மி.மீ. உருட்டுக் கம்பிலிருந்து 6 மி.மீ. கனத்தில் நறுக்கிய வில்லையே புள்ளி. ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு, பசை இறுகும் முன் சட்டத்தை நேர்மேலே தூக்கி எடுத்துவிட்டால் எழுத்தும் புள்ளியும் இம்மி பிசகாமல் உட்கார்ந்திருக்கும். பசையை ஒவ்வொரு துண்டின் விளிம்புக்கும் 2 மி.மீ. உள்ளேயே நிறுத்துங்கள். வெளியே பிதுங்கினால் சட்டம் ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் சாயமும் ஏறாது.

உருட்டுக் கம்பை வெறுங்கையால் பிடித்து அறுக்க வேண்டாம். பல் பட்டதும் அது சுழலும், விரலையும் இழுக்கும். ஒரு கட்டையில் ஆங்கில 'V' வடிவக் காடி வெட்டி, அதில் கம்பைப் படுக்கவைத்து நறுக்குவதே முறை.

பிளேடு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தொடக்கநிலையினர் கைவிட்டுப் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஸ்க்ரோல் சா பிளேடு 5 அங்குல நீளம்; இரு முனையிலும் குறுக்கூசி உள்ளது, இல்லாதது என இரண்டு வகை. ஊசி உள்ளதை மாட்டுவது எளிது. ஆனால் அந்த ஊசி நுழைய ஏறக்குறைய 5 மி.மீ. துளை வேண்டும். 'ண' எழுத்தின் சுழிக்குள்ளோ 'ம' எழுத்தின் வயிற்றிலோ 5 மி.மீ. துளை போட்டால் எழுத்தே தேறாது. ஆகவே தமிழ் எழுத்து அறுக்க விரும்புவோர் ஊசியில்லாத பிளேடை ஏற்கும் இயந்திரத்தைத்தான் வாங்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

பிளேடின் எண் ஏற ஏற அகலம் கூடும், பற்கள் பெரிதாகும். தயாரிப்பாளருக்கேற்பச் சற்று மாறினாலும், 5ஆம் எண்ணில் அங்குலத்துக்கு 12 பல் அளவில் இருக்கும். அதாவது 2 மி.மீ.க்கு ஒரு பல். அறுக்கும்போது எப்போதும் மூன்று பல்லாவது மரத்துக்குள் இருக்க வேண்டும். 3 மி.மீ. பிளைவுட் தகட்டில் இந்தப் பிளேடை வைத்தால் ஒன்றரைப் பல்தான் உள்ளே இருக்கும். தகடு துள்ளும், அடிப்புறம் சிராய் பெயரும். இதற்கு இரண்டு வழி. ஒன்று, அங்குலத்துக்கு 28 பல் அளவுள்ள இரட்டைப் பூஜ்ய (2/0) எண் பிளேடுக்கு மாறுவது. மற்றொன்று, மூன்று நான்கு தகடுகளை அடுக்கி, ஓரங்களில் நாடா சுற்றி ஒன்றாக அறுப்பது. தோரணத்துக்கு ஒரே மாங்காய் வடிவம் பன்னிரண்டு வேண்டும் என்றால் நான்கு தகடு அடுக்கி மூன்றே முறை அறுத்தால் போதும்; 12 மி.மீ. கனத்தில் 5ஆம் எண் பிளேடும் சரியாக ஓடும். அடியில் சில பற்கள் மேல்நோக்கித் திரும்பிய வகையும் உண்டு. பிளைவுட்டின் அடிமுகம் பிய்யாமல் இருக்க அதுவே நல்லது. முறுக்குப் பிளேடு எந்தத் திசையிலும் அறுக்கும் என்று ஆசை காட்டும். எழுத்துக்கு வேண்டாம், கோடு அலையும்.

இறுக்கம் குறைந்தால் பிளேடு நடுவில் வயிறு தள்ளும். அப்போது வளைவில் மேல்முகமும் கீழ்முகமும் வேறுவேறு இடத்தில் அறுபடும். விரலால் மீட்டினால் தம்பூரா நரம்புபோல் தெளிவான மேல்சத்தம் வர வேண்டும். பக்கவாட்டில் தள்ளினால் 3 மி.மீ.க்கு மேல் அசையக் கூடாது. அறுத்த துண்டு சட்டத்திலிருந்து மேல்வழியாகவும் கீழ்வழியாகவும் தடையில்லாமல் கழன்று வந்தால் இறுக்கமும் மேசையின் செங்கோணமும் சரி. ஒரு வழியாக மட்டுமே வந்தால் மூலைமட்டத்தை எடுத்து மேசையைப் பாருங்கள். இன்னொன்று: பெரும்பாலான பிளேடுகளின் ஒரு பக்கத்தில் தயாரிப்பின்போது எழுந்த பிசிறு இருக்கும், அதனால் அவை நேராக ஓடாமல் சற்று வலப்பக்கம் இழுக்கும். இது பிளேடின் பழுது அன்று. மரத்தைச் சில பாகை சாய்த்துத் தள்ளினால் கோடு நேராகிவிடும்.

மரம் கருகினால் வேகத்தைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் மழுங்கிய பிளேடும் அவசரமாகத் தள்ளும் கையுமே காரணம். வேலை தொடர்ந்து ஓடினால் அரைமணி நேரத்துக்குள்ளேயே பிளேடு மழுங்கிவிடும். ஒரு 'நல்வரவு' பலகைக்கு மூன்று நான்கு பிளேடு செலவாகலாம், சிக்கனம் பார்க்கக் கூடாது. வரைபடத்தின் மேல் பெட்டி ஒட்டும் ஒளிபுகும் நாடாவை ஒரு பட்டை ஒட்டினால் பிளேடு வழுக்கிக்கொண்டு ஓடும், தேக்கில்கூடக் கருகல் குறையும்.

உள்ளறுப்பை, அதாவது எழுத்துக்குள் கோடு சூழ்ந்து நிற்கும் இடங்களை அறுத்தெடுப்பதை, முதலில் முடித்து, வெளிக்கோட்டைக் கடைசியில் அறுக்க வேண்டும். முதலிலேயே வெளிக்கோட்டை அறுத்துவிட்டால் கையால் பிடிக்கவே இடமிராது. 'ட', 'ப' இரண்டிலும் உள்ளறுப்பே இல்லை. 'ம', 'வ', 'ழ' ஆகியவற்றில் உண்டு. பழகுவோர் 'ட'வில் தொடங்கலாம்.

சிக்குக் கோலம் அறுக்க ஆசைப்படுவோர் பலகையை வாங்கும் முன் துளைகளை எண்ணிவிடலாம். கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களை எண்ணி, ஒன்றைக் கூட்டினால் அதுவே உள்ளறுப்புகளின் எண்ணிக்கை. அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே எல்லாம் கோடு வெட்டிக்கொள்ளும் 3க்கு 3 கோலத்தில் வெட்டு 12, உள்ளறுப்பு 13. 5க்கு 5 என்றால் வெட்டு 40, உள்ளறுப்பு 41. ஒவ்வொன்றுக்கும் பிளேடைக் கழற்றி, துளையில் கோத்து, மீண்டும் இறுக்க வேண்டும். 41 முறை என்பது ஒரு நாள் வேலை. மரக்கோலத்தில் புள்ளியைத் தனியாக வைக்க வேண்டியதில்லை. அது இருந்த இடத்தில் விழும் துளையே புள்ளியாகிவிடும். கோலத்துக்குத் தனிமரப் பலகை கூடவே கூடாது. கோடு ரேகைக்குக் குறுக்கே ஓடும் இடமெல்லாம் பட்டென்று ஒடியும். 6 மி.மீ.யில் ஐந்து அடுக்கு உள்ள பர்ச் பிளைவுட் வாங்குங்கள். மலிவுப் பிளைவுட்டில் உள்ளடுக்குகளுக்கு நடுவே பொந்து இருக்கும். வாங்கும்போது நான்கு விளிம்பையும் பார்த்தால் தெரிந்துவிடும்.

சிறு பிள்ளைகளுக்கான எழுத்துப் புதிரில் புள்ளி வெறும் அழகு விவகாரம் அன்று. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளைச் சோதிக்க 31.7 மி.மீ. குறுக்களவுள்ள குழாய் ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையில் சிக்கக்கூடியது என்று பொருள். 10 மி.மீ. மரப்புள்ளி தாராளமாக அடங்கும். ஆகவே அந்த வயதுப் பிள்ளைகளின் புதிரில் மெய்யெழுத்தை 7 செ.மீ. சதுர வில்லையாக அறுத்து, எழுத்தை மேலே தீட்டி, புள்ளியை வெறும் குழியாகத் துளைத்துவிடுங்கள். விரலால் தொட்டுப் பார்க்கவும் அது நன்றாக இருக்கும். வேறு எழுத்துகளைத் தட்டில் பொருத்துவதாக இருந்தால், வண்ணம் பூசும் முன் ஒவ்வொரு விளிம்பையும் உப்புத்தாளால் நன்றாகத் தேய்க்க வேண்டும். பிளேடு விட்ட அரை மி.மீ. இடைவெளியை வண்ணமும், ஆண்டிறுதி மழைக்கால ஈரமும் சேர்ந்து அடைத்துவிடும்; எழுத்து தட்டிலேயே மாட்டிக்கொள்ளும்.

வீட்டுக்குள் செய்யும் வேலை என்பதால் சில எச்சரிக்கைகளைச் சொல்லாமல் விட முடியாது. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிலையம் வகைப்படுத்தியிருக்கிறது. இயந்திரத்தில் உள்ள ஊதுகுழல் கோட்டைத் தெளிவாகக் காட்டுமே தவிர, தூளை நம் மூக்குக்குத்தான் அனுப்பும். மேசைக்கு அடியில் வெற்றிட உறிஞ்சியின் குழாயைப் பொருத்தி, என்95 முகக்கவசமும் கண்ணாடியும் அணிந்து வேலை செய்யுங்கள். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை நுண்தூளை அள்ளி வீசும். படுக்கையறையில் வேண்டவே வேண்டாம். தெளிப்புப் பசை எளிதில் தீப்பற்றும், அடுப்பு எரியும்போது அதன் பக்கத்தில் கூடாது. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைப் பையில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்தோ, விரித்துக் காயவைத்தோதான் எறிய வேண்டும். அதிர்வு கீழ்வீட்டின் கூரைக்கு இறங்கும், ஆகவே இயந்திரத்தின் அடியில் தடித்த ரப்பர் விரிப்பு, இரவு பத்து மணிக்கு மேல் ஓய்வு. வெளிநாட்டிலிருந்து தருவிப்போர் மின்னழுத்தத்தைப் பார்த்து வாங்குங்கள்; இங்கு 230 வோல்ட், அமெரிக்க இயந்திரம் 120. நடைபாதைச் சாரல் படும் பெயர்ப்பலகைக்கு, நீர் தாங்கும் பசையால் ஒட்டிய மரைன் பிளைவுட் எடுத்து, முகத்தைவிட விளிம்புக்கு ஒரு பூச்சு கூடுதலாக வார்னிஷ் அடிக்க வேண்டும். நீர் நுழைவது விளிம்பு வழியாகத்தான்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் வரைபடம் இல்லாமல் வேலை நடக்காது. ஆகவே நாளிதழுக்கு எங்கள் வேண்டுகோள் இது. வாரம் ஒரு தொகுதியாக, உயிரெழுத்து பன்னிரண்டில் தொடங்கி மெய், உயிர்மெய்க்கான துணையுறுப்புகள் என்று வெளியிடுங்கள். எழுத்தைக் கருப்பாக நிரப்ப வேண்டாம். அரை மி.மீ. மெல்லிய புறக்கோடாக அச்சிட்டால்தான் பிளேடு எங்கே ஓடுகிறது என்று தெரியும். ஒவ்வொரு பக்கத்திலும் 10 செ.மீ. அளவுகோல் ஒன்றை வரைந்துவிட்டால், நகலெடுக்கும்போது சுருங்கியதா விரிந்ததா என்று சரிபார்க்கலாம். உள்ளறுப்புக்குத் துளை போட வேண்டிய இடத்தைச் சிறு கூட்டல் குறியால் காட்டுங்கள். கொம்பு, துணைக்கால், புள்ளி மூன்றையும் எழுத்தோடு ஒட்டாமல், அவற்றுக்குரிய இடைவெளியோடு அப்படியே வரையுங்கள்; காம்பு வேண்டுமா, சட்டம் வேண்டுமா என்பதை அறுப்பவர் முடிவுசெய்துகொள்வார். 'ன'வுக்கும் 'ண'வுக்கும் சுழி சரியாக இருக்கிறதா என்று தமிழாசிரியர் ஒருவர் பார்த்துத் தந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
மரவேலை ஆர்வலர்கள் சிலர்,
ஈசூன்