கிருஷ்ணகிரி ஃபிலிம் கேமரா ஆர்வலர் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, பர்கூர், காவேரிப்பட்டணம், ஓசூர் பக்கமிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையை அவை முன் வைக்கிறேன்.

உறுப்பினர் சேர்க்கை பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. புதிதாகச் சிலர் வந்தார்கள், சிலர் சந்தா கட்டாமல் ஒதுங்கிக்கொண்டார்கள். மாதக் கூட்டம் மாம்பழ சீசனில் மட்டும் தடைப்பட்டது. தோப்பு வைத்திருக்கிறவர்களை அந்த நேரத்தில் கூப்பிட்டது என் தவறான ஆசைதான் என்று தலைவர் அப்போதே சிரித்தார். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

ஆண்டு முழுக்க நம்மிடையே ஓடிய வாதம் கண்ணாடி அலமாரியைப் பற்றியது. கையிருப்புப் பணத்தில் நல்ல அலமாரி ஒன்று செய்து, சங்கத்துக்கு வந்து சேர்ந்த கேமராக்களை அடுக்கி, முடிந்தால் ஒரு பழைய லைக்காவும் வாங்கி நடுவில் வைக்கலாம் என்பது ஒரு தரப்பின் யோசனை. லைக்கா மேல் எனக்கும் ஆசை உண்டு, மறுக்கவில்லை. ஜெர்மனியின் வெட்ஸ்லர் ஊரில் லைட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக், பெரிய கண்ணாடித் தட்டுக் கேமராவைச் சுமக்க உடம்பு ஒத்துழைக்காததால், சினிமா ஃபிலிமையே சின்னக் கேமராவுக்குள் போட்டுப் பார்த்தார். சினிமாவில் ஒரு ஃபிரேம் 18க்கு 24 மில்லிமீட்டர். அதை இரட்டிப்பாக்கி 24க்கு 36 ஆக்கினார். 1925-ல் லைப்சிக் கண்காட்சியில் அது லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நம் காலத்து 36 பட ரோல் வரைக்கும் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

ஆனால் பார்னாக் அதைச் செய்தது தூக்கிக்கொண்டு நடக்க, பூட்டி வைக்க அல்ல. ஓடாத கேமராவுக்கு என்ன ஆகும் என்று பழுது பார்க்கிறவர்களைக் கேளுங்கள். ஷட்டரில் இட்ட எண்ணெய் பலாப் பிசின் மாதிரி இறுகிவிடும். பின்கதவில் வெளிச்சம் புகாமல் ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்ச் கறுப்புப் பொடியாக உதிரும். லென்ஸில் பூஞ்சை படரும். அதிலும் தோல் உறைதான் முதல் எதிரி. அழகாக இருக்கிறதே என்று உறையோடு பீரோவில் வைத்தால், அந்தத் தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சைக்குச் சோறு போடும். உறையைக் கழற்றிவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

கடைசியில் அலமாரி கைவிடப்பட்டது. சங்கத்தின் ஒவ்வொரு கேமராவும் உறுப்பினர் ஒருவர் பொறுப்பில் போகும், வருடத்துக்கு ஒரு ரோலாவது அதில் ஓட வேண்டும், நெகட்டிவைக் கூட்டத்தில் காட்ட வேண்டும் என்று தீர்மானம் ஆனது. எதிர்த்து வாக்களித்தவர்களும் இரவல் நோட்டில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டதைப் பதிவு செய்கிறேன்.

இந்த ஏற்பாட்டில் வெளியே வந்தவற்றில் முதன்மையானது காவேரிப்பட்டணத்துப் பெரியவர் நமக்குக் கொடுத்த யாஷிகா 635. ஸ்டுடியோவை மூடிய பிறகு அவர் வீட்டுப் பரணில் கிடந்தது. இரட்டை லென்ஸ். மேல் லென்ஸ் பார்க்க, கீழ் லென்ஸ் படம் எடுக்க. இந்த அமைப்பை 6க்கு 6 சென்டிமீட்டர் ஃபிலிமுக்குக் கச்சிதமாகக் கொண்டுவந்தது 1929-ல் வந்த ரோலைஃபிளெக்ஸ். யாஷிகா அதே பாணியில் நம் ஊர் ஸ்டுடியோக்காரர்களுக்குக் கட்டுப்படியான விலையில் வந்தது. 635-ல் 120 என்ற அகல ரோலும் போடலாம், தனி உதிரிகளை மாட்டி 35 மில்லிமீட்டர் ரோலும் போடலாம், 6-உம் 35-உம் என்று பெயரிலேயே அது இருக்கிறது.

பெரியவர் அதைக் கையில் வாங்கியதும் மூடியைத் திறந்து குனிந்து பார்த்தார். 120 ரோலில் 12 படம்தான். "கல்யாணத்துல தாலி கட்டறப்ப ஒண்ணுதான் தம்பி எடுப்போம். ரெண்டாவதுக்குப் போனா ரோல் மாத்தறப்ப மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து நிப்பாங்க" என்றார். ஃபிளாஷ் பல்பு ஒரு படத்துக்கு ஒன்று, எரிந்ததும் சூட்டோடு கழற்றி வேறு மாட்ட வேண்டும். நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்வதையும் அன்று காட்டினார். முகத்தில் அம்மைத் தழும்பு விழுந்த இடம் நெகட்டிவில் வெளிறித் தெரியும். அங்கே கூர்மையான பென்சில் முனையை வைத்து வைத்து எடுத்தால், பிரிண்டில் தழும்பு கரைந்துபோகிறது. அவர் கை இன்னும் நடுங்கவில்லை.

ஆக்ஃபா கிளிக் III இரண்டு வந்தன. வதோதராவில் தயாரான, நடுத்தரக் குடும்பங்களின் முதல் கேமரா. பின்னால் சிவப்புக் கண்ணாடி ஜன்னல், அதில் ஃபிலிமின் காகிதத்தில் அச்சிட்ட எண் தெரியும் வரை திருக வேண்டும். திருக மறந்தால் ஒரே படத்தில் இரண்டு பொங்கல். இந்தக் காகிதம் சுற்றிய 120 ஃபிலிம் 1901-ல் கோடாக்கின் பிரவுனிக்காக வந்தது, இன்றும் கடையில் கிடைக்கிறது. உதகையில் 1960-ல் அரசு நிறுவனமாகத் தொடங்கி இந்து (Indu) என்ற பெயரில் ஃபிலிமும் காகிதமும் கொடுத்த தொழிற்சாலை இப்போது இல்லை. நாம் வாங்குவதெல்லாம் வெளிநாட்டு ரோல், விலையைப் பற்றிப் பேசினால் அறிக்கை நீண்டுவிடும்.

கோடை முகாமில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவப் பழகினோம். ஃபிலிமில் படத்தைத் தெரிய வைக்கும் ரசாயனமான டெவலப்பருக்கு 20 டிகிரி வேண்டும் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. ஏப்ரல் மாதத்துக் கிருஷ்ணகிரியில் மாடித் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. ஐஸ் போட்டுக் குளிர வைத்தோம். முதல் ரோலில் டெவலப்பர் குளிர்ச்சியாகவும் கழுவிய குழாய்த் தண்ணீர் சூடாகவும் இருந்ததால், ஃபிலிமின் ஜெலட்டின் சுருங்கி வெடிப்பு விழுந்த ஏரி மண்ணாகப் படம் முழுக்கக் கோடு ஓடியது. பர்கூர் உறுப்பினரின் அம்மா மண்பானையில் முந்தின நாளே தண்ணீர் பிடித்து வைக்கச் சொன்னார். டெவலப்பர், படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போ, கழுவுகிற தண்ணீர் மூன்றும் அந்தப் பானைத் தண்ணீரின் சூட்டில்; நேரத்தை மட்டும் அட்டவணை பார்த்துக் குறைத்துக்கொண்டோம். அதன்பின் ஒரு ரோலும் கெடவில்லை.

ராயக்கோட்டைப் பயணம் பற்றித் தனியே சொல்ல வேண்டும். லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தபோது எடுத்த படங்கள் 1858-ல் ஆல்பங்களாக வந்தன. மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை ஆல்பங்களைப் பலரும் அறிவர். அதே வரிசையில் ராயக்கோட்டையும் அன்றைய சேலம் மாவட்டத்து மற்ற இடங்களும் அடங்கிய ஒன்றும் உண்டு என்பது நம்மவர்களுக்கே புதுச் செய்தி. உருப்பெருக்கும் வழக்கம் அன்று பரவியிருக்கவில்லை, எவ்வளவு பெரிய பிரிண்ட் வேண்டுமோ அவ்வளவு பெரிய நெகட்டிவ், அதைப் பிடிக்க அவ்வளவு பெரிய கேமரா. மாட்டு வண்டியில் சாமானை ஏற்றி வந்திருக்கிறார். நாம் பேருந்தில் போய், 635-ஐக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மலை ஏறினோம். இரட்டை லென்ஸ் கேமராவின் கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும். மலையை ஃபிரேமுக்குள் கொண்டுவர இடப்பக்கம் நகர வேண்டியவர் வலப்பக்கம் நகர்ந்து, பாறை ஓரத்தில் இருவர் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று. அடுத்த முறை உச்சியில் ஸ்டாண்ட் போடாமல் யாரும் எடுக்கக் கூடாது.

பேட்டரித் தொல்லைக்கு வழி கிடைத்திருக்கிறது. யாஷிகா மேட் 124ஜி போன்றவற்றில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தது. அது இப்போது விற்பனையில் இல்லை. அதே அளவில் வரும் 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் மீட்டர் தப்பாகக் காட்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் 675 எண் காது மெஷின் பேட்டரியை ஒரு வளையம் வைத்துப் பொருத்தினால் வோல்ட் ஏறக்குறைய ஒத்துப்போகிறது. சில மாதத்தில் தீர்ந்துவிடும், விலை குறைவு. 1976 முதல் 1997 வரை வந்த பென்டாக்ஸ் கே1000 வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை பாதிதான், பேட்டரி இல்லாவிட்டாலும் ஷட்டர் ஓடும்.

ஒரு மனக்குறை. ஆன்லைனில் வாங்கிய ஜெனிட் என்ற ரஷ்யக் கேமரா ஒன்றின் ஷட்டர் திரையில் ஊசித் துளைகள் இருந்தன. விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. இனி வாங்குமுன் லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, இருட்டில் டார்ச் அடித்துத் திரையைப் பாருங்கள். முடியாவிட்டால் வாங்காதீர்கள்.

பயன்படுத்திய ஹைப்போவைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது, அதில் வெள்ளி இருக்கிறது. டார்க் ரூம் மூலையில் கேன் வைத்திருக்கிறோம். டார்க் ரூம் சாவி இரண்டில் ஒன்று ஓசூருக்குப் போய்த் திரும்பவில்லை, கொண்டு போனவர் இன்று கூட்டம் முடிவதற்குள் பொருளாளரிடம் கொடுத்துவிடவும். இரவல் கேமராக்களின் நெகட்டிவை இன்னும் காட்டாதவர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வரவும்.

இந்த அறிக்கையை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்